மேனேஜரின் வலது பக்கம்

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்களை நிற்கவைத்துத் திட்டியிருப்பேன். இப்போது நானே சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன், காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் என் கணவரின் தங்கை. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். எதற்கும் இடது கைதான் முன்னால் நீளும் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு நொட்டாங்கை என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் மனுஷிக்குக் கோபம் வர வேண்டுமா இல்லையா? வராது. "சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டு வந்து நிற்பாள். எனக்கு அதுவே எரிச்சல். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாத ஆட்களை நான் நம்புவதில்லை. எனக்கெல்லாம் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும், கூப்பிடக்கூட வேண்டாம்.

நான் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சட்டையை விரித்து, காலரைத் தூக்கி, உள்பக்கம் திருப்பி, பிசிறு, விட்டுப்போன தையல், ஏறுமாறான பட்டன் எல்லாவற்றையும் பிடிப்பேன். என் மேஜையைத் தாண்டிப் போன சட்டை குறையென்று திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. வீட்டிலும் அதே கண்தான், அதே வாய்தான். என் கணவரும் எட்டு வயது மகளும் என் குரல் ஏறுகிறது என்றால் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது என் கணவர். ஒரு துரும்பைக்கூட அசைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கும் என்பதால் அந்தப் பெயர். பழுப்பு நிறம், தொங்கிய காது, ஏழு வயது. கூடத்து மூலையில் இருக்கும் பழைய கைவைத்த நாற்காலி அதற்கே சொந்தம். நாற்காலியின் ஒரு கை சுவரை ஒட்டியிருக்கும். மேனேஜர் அதில் ஏறி, வலது பக்கத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

நாய்க்குப் பல் தேய்த்துவிட வேண்டும் என்று மிருக டாக்டர் சொன்னபோது என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே பிரஷ் வந்தது, நாய்க்கென்றே விற்கும் கோழிக்கறி வாசனைப் பேஸ்ட் வந்தது. நம்முடைய பேஸ்ட் நாய்க்கு ஆகவே ஆகாது, அதில் போடும் இனிப்பு சில சமயம் விஷமாகிவிடும் என்று வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். "இந்த பிரஷ்ஷை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது" என்றும் சொன்னேன். ஏனென்றால் என்னைப் போல யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள், இல்லையா?

தினமும் காலை ஏழு மணிக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, இடது கையால் அதன் தலையை அணைத்துப் பிடித்து, வலது கையால் உதட்டைத் தூக்கித் தேய்ப்பேன். மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் அடித்த நாளில்கூடத் தேய்த்திருக்கிறேன். வருடாந்தர ஊசிக்குப் போகும்போது டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே நானே உதட்டைத் தூக்கிக் காட்டுவேன். "அடேயப்பா, ஏழு வயசு நாய்க்கு இப்படிப் பல்லா!" என்பார். எனக்குக் கால் தரையில் நிற்காது.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என் மகளைக் கடித்தது.

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், குழந்தை நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு விரலிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. நாய் மேஜைக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

"என்னடி பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. சும்மா கட்டிப்பிடிச்சேன்."

நாலு தையல். மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். பாசமாகக் கட்டிப்பிடித்த குழந்தையைக் கடித்த நாய் இனி என் வீட்டில் இருக்காது. இன்றைக்கு விரல் போனது, நாளைக்கு முகம் போனால்? நாய்களை வைத்துப் பராமரிக்கும் விடுதிக்குப் போன் செய்தேன். குழந்தையைக் கடித்த நாயை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். தெரிந்தவர்கள் யாரும் வாங்கிக்கொள்ளத் தயாரில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. மிருக டாக்டருக்குப் போன் செய்து, ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வாருங்கள், பேசுவோம் என்றார். பேச என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். மகள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நொட்டாங்கை வந்தாள். கையில் கடைப் பெட்டி. "நாளைக்குப் போறவனை அழுக்கா அனுப்ப வேண்டாம் அண்ணி. ஒரு தடவை சீவி விட்டுடறேன்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி விட்டேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். மூன்று வருடம் தினமும் தலையை அணைத்துப் பிடித்த கை இது. எனக்கு மட்டும் என்ன, கல்லா நெஞ்சு?

வந்தவள் முதலில் நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்தாள்.

"அதை எதுக்கு இழுக்கற? அது அங்கதான் இருக்கணும்."

"சுவர் இடிக்குது அண்ணி. எனக்கு அந்தப் பக்கம் நின்னாத்தான் கை வரும்."

சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே போனாள். குனிந்து எதையோ எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். கீழே விழுந்த சீப்பு என்று நினைத்தேன். பிறகு சீவத் தொடங்கினாள். முதுகு, காது, கழுத்து. முகத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். கடையில் முடி வெட்டி முடித்ததும் இரண்டடி பின்னால் போய் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே மாதிரி எதிரில் வந்து நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லையே அண்ணி."

"என்ன ஒண்ணா இல்லை?"

"வலது கண்ணுக்குக் கீழ புடைச்சிருக்கு, பாருங்க. முடி மறைச்சிருக்கு."

சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள். மேனேஜர் உறுமியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதனிடம் கேட்டதே இல்லை. உதடு சுருண்டு, பல் தெரிந்தது.

"கையை எடுடி! நேத்துதான் குழந்தையைக் கடிச்சிருக்கு!"

இங்கேதான் நீங்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அவள் கையை எடுக்கவில்லை. முன்னாலும் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையை விரித்து அந்தரத்தில் அப்படியே வைத்துக்கொண்டாள். அதட்டவில்லை, கொஞ்சவில்லை. கடைக்கு வருகிற ஆளிடம் பேசுவது போலப் பேசினாள்.

"சரி சார், சரி. அவசரமே இல்லை. நீங்க எப்ப சொல்றீங்களோ அப்பப் பார்த்துக்கலாம்."

ஐந்து நிமிடம் இருக்கும். என் கை அத்தனை நேரம் அந்தரத்தில் நிற்காது, நாலாவது நொடியிலேயே நான் கத்தியிருப்பேன். மேனேஜர் உறுமலைக் குறைத்தது. அவள் கையை முகர்ந்தது. பிறகு, என்ன சொல்ல, வலிக்காத பக்கமாகத் தலையைத் திருப்பி, அவள் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனாலும் வைத்துக்கொண்டது.

அவள் கட்டைவிரலால் வலது உதட்டை மெல்லத் தூக்கினாள்.

நாற்றம் எனக்கே வந்தது. பின்பல் எல்லாம் பழுப்பாக, கல் கட்டிப்போய்க் கிடந்தன. ஈறு ரத்தச் சிவப்பு. மேல்வரிசையில் எலும்பு கடிக்கும் அந்தப் பெரிய பல், பக்கவாட்டில் சில்லு பெயர்ந்து, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அதன் மேலே ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

அவள் உதட்டை விட்டுவிட்டு இடது பக்கத்தைத் தூக்கினாள். அது என் பக்கம். வெள்ளை வெளேர் என்று மின்னியது.

"அண்ணி, இந்தப் பக்கம் நீங்க தேய்ப்பீங்க. அந்தப் பக்கம் யார் தேய்ப்பாங்க?"

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். வீட்டில் வேறு யாரோ ஒருவர் அந்தப் பக்கம் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள். நாற்காலி சுவரோடு இருந்தது, நான் ஒரே பக்கம் நின்றேன், என் கைக்கு எட்டிய பக்கத்தைத் தேய்த்தேன். சட்டையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்கிறவள், மூன்று வருடத்தில் ஒரு நாயின் முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்காக வாயைத் திறந்து ஒப்புக்கொண்டேனா? அதுதான் இல்லை.

"பல்லு சொத்தைன்னா குழந்தையைக் கடிக்கலாமா? கட்டிப்பிடிச்சதுக்கே கடிக்கிற நாயை எப்படி வீட்ல வச்சிக்கிறது? நாளைக்கு இன்னொரு இடம் வலிக்கும், அப்ப?"

"நீங்க சொல்றது சரிதான் அண்ணி. குழந்தை இருக்கிற வீடு. அதை டாக்டர்கிட்டயே கேட்டுடலாம். நாளைக்கு நானும் வரேன், கடையை மூடிட்டு" என்றாள். எழுந்து மகளின் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பாப்பாவையும் கூட்டிட்டுப் போகலாம்" என்றாள். என்னத்துக்கு என்று நான் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு நாலு பேரும் நாயும் டாக்டரின் அறையில் நின்றோம். அவர் நாயின் இரண்டு பக்க உதட்டையும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க காட்டின பக்கத்தைத்தான் நானும் பார்த்துட்டு இருந்திருக்கேன். என் மேலயும் தப்பு இருக்கு" என்றார். பெரிய மனசுதான். எக்ஸ்ரே எடுத்தால்தான் வேர் தெரியும், அனேகமாக மூன்று பல்லை எடுக்க வேண்டிவரும் என்றார். அந்தப் பெரிய பல் உடைந்து மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டுமாம். இத்தனை நாளும் ஒரே பக்கமாக மென்று தின்று, ஒரு முனகல் இல்லாமல், தினமும் காலையில் என் பிரஷ்ஷுக்கு முகத்தைக் கொடுத்திருக்கிறது. நாய்கள் வலியை மறைத்துவிடும் என்றார் அவர்.

"பல்லை எடுத்துட்டா இது கடிக்காதா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

"அதுதான் சார் விஷயம். சும்மா கட்டிப்பிடிச்சதுக்குக் கடிச்சதுன்னா, பல்லை எடுத்தாலும் நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா அந்தப் பல்லு மேலயே கை பட்டுக் கடிச்சிருந்தா கதையே வேற. அந்த வலிக்கு யாரா இருந்தாலும் கடிப்பாங்க. வலி போனா காரணமும் போயிடும்." மகளிடம் குனிந்தார். "நீ சொல்லும்மா. என்ன நடந்துச்சு?"

மகள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கட்டிப்பிடிச்சேன்" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். என் கணவர் நாயின் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது நொட்டாங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நானா? நான் எதுக்கு?"

"ரெண்டே நிமிஷம்."

இத்தனை வருடத்தில் என்னை ஒரு அறையிலிருந்து வெளியே போகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. நான் போனேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. இடுக்கில் எல்லாம் தெரிந்தது, கேட்டது.

அவள் பெட்டியைத் திறந்து, ஒரு சின்ன ரோஸ் கலர் பிரஷ்ஷை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் மகளின் பல் தேய்க்கும் பிரஷ்.

"நாற்காலிக்குப் பின்னால கிடந்தது கண்ணு. கட்டிப்பிடிச்சா விரல் நுனியில கடி படாதே?"

மகள் பிரஷ்ஷைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று கொட்டினாள்.

"அந்தப் பக்கம் நாறுச்சு அத்தை. அம்மா எப்பவும் இந்தப் பக்கம்தான் தேய்ப்பாங்க. அதான் அதோட முகத்தைத் திருப்பி அந்தப் பக்கம் என் பிரஷ்ஷால நான் தேய்ச்சேன். மேனேஜரோட பேஸ்ட்தான் போட்டேன், நம்ம பேஸ்ட் போடலை. நாலு நாள் தேய்ச்சேன். முன்பல்லு தேய்ச்சப்போ எதுவும் பண்ணலை. ஞாயித்துக்கிழமை உள்ள விட்டுட்டேன். அது மேல தப்பே இல்லை."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவை சொன்னேன். எனக்கே சொல்லித் தர்றியான்னு கேட்டாங்க."

எனக்கு அது நினைவில்லை. சத்தியமாக இல்லை. அப்படித்தான் தினமும் நூறு சொல்கிறேன், எதை நினைவு வைத்துக்கொள்வது?

"சரி, நேத்தாவது சொல்லியிருக்கலாமே கண்ணு? மேனேஜரைக் கொல்லப் போறாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"

மகள் விக்கி விக்கி அழுதாள். "மேனேஜரோட பிரஷ்ஷையே யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நானே தேய்ச்சேன்னு தெரிஞ்சா கத்துவாங்க. நீயும் சொல்லாத அத்தை. ப்ளீஸ், அம்மாகிட்ட மட்டும் சொல்லாத."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உயிருக்கு உயிரான நாயைச் சாகக் கொடுப்பதைவிட என் சத்தம் அவளுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. நாய் கடித்தது நாலு தையலோடு போயிற்று. நான் பண்ணியதற்கு யார் தையல் போடுவது?

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் மகள் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அத்தையின் பின்னால் ஒதுங்கினாள். தரையிலேயே உட்கார்ந்தேன். கத்தவில்லை, கத்தவும் வரவில்லை. "தப்பு என் மேலதான். ஒரு பக்கம் தேய்ச்சிட்டு ரெண்டு பக்கமும் தேய்ச்சதா நினைச்சிட்டேன். நீ சரியாத்தான் சொல்லியிருக்க" என்றேன். அவள் நம்பவில்லை. அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நொட்டாங்கை தலையை ஆட்டிய பிறகுதான் கொஞ்சம் வெளியே வந்தாள்.

ஊசி போட வந்த நாய்க்கு அன்றைக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது, எக்ஸ்ரே நடந்தது, மயக்க மருந்து கொடுத்து மூன்று பல்லைப் பிடுங்கினார்கள். பெரிய பல்லுக்கு மூன்று வேர் என்பதால் அதை மூன்றாக வெட்டித்தான் எடுக்க முடிந்ததாம். சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்த மேனேஜர், நேராக என் மகளிடம் போய் அவள் மடியில் தலையைப் போட்டது. அவளைக் கடித்ததற்கு அதற்கு வெட்கமா, இல்லை அவள்தான் காப்பாற்றினாள் என்று தெரியுமா, யார் கண்டது? நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நொட்டாங்கை என் தோளில் இடது கையைப் போட்டாள். நான் தட்டிவிடவில்லை.

இரண்டு வாரம் கூழாகக் கரைத்த சாப்பாடு. மூன்றாவது வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, இனி இரண்டு பக்கமும் தேய்க்கலாம் என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு நாற்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டேன். மகளைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்து நின்றாள். நான் வலது பக்கம் போய் மண்டியிட்டு, உதட்டைத் தூக்கினேன்.

"எப்படித் தேய்க்கணும்னு நீ சொல்லு. நான் தேய்க்கிறேன்."

அவள் குனிந்து பார்த்தாள். நான் தேய்க்கத் தொடங்கினேன். மேனேஜர் கண்ணை இடுக்கியது. நானும் பழக்க தோஷத்தில் கையைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"அய்யோ அம்மா, மெதுவா! அழுத்தாத! எத்தனை தடவை சொல்றது? அங்க இல்லை, இன்னும் உள்ள! ஈறு மேல படுது பார்! கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

பிறந்ததிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அப்படியே என் குரல். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல், அவள் சொன்ன இடத்திலெல்லாம் மெதுவாகத் தேய்த்தேன்.